கறவை மாடுகளுக்கான உணரிக் கழுத்துப்பட்டை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஈரோடு மாவட்டத்தில் 12 கலப்பினப் பசுக்களை வளர்க்கும் நான், ஓராண்டாக அவற்றின் கழுத்தில் உணரிப் பட்டையைக் கட்டியிருக்கிறேன். பசு பருவத்துக்கு வந்ததைத் தவறவிட்டால் அடுத்த பருவத்துக்கு ஏறக்குறைய 21 நாள்கள் காத்திருக்க வேண்டும். அறிகுறிகளோ பல நேரங்களில் நாம் உறங்கும் வேளையில் தோன்றி மறைந்துவிடுகின்றன. பட்டையிலுள்ள முடுக்கமானி தலை, கழுத்தின் அசைவுகளைப் பதிவுசெய்து, அந்தப் பசுவின் முந்தைய நாள்களோடு ஒப்பிட்டு, நடமாட்டம் கூடி அசைபோடுவது குறைந்தால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறது. சினை ஊசி போடும் நேரத்தைக் கணிப்பது இதனால் எளிதாயிற்று.

ஆனால் நான் பெரிதும் மதிப்பது நோய் எச்சரிக்கையைத்தான். நலமான பசு நாளொன்றுக்கு 7 முதல் 8 மணி நேரம் அசைபோடும். கன்று ஈன்ற பத்தாம் நாளில் ஒரு பசுவுக்கு அது பாதியாகக் குறைந்ததாகச் செய்தி வந்தபோது, பாலும் குறையவில்லை, தீவனத்தையும் அது மறுக்கவில்லை. ஆயினும் மருத்துவரை அழைத்தேன். சிறுநீரைச் சோதித்த அவர், கன்று ஈன்ற பின் உடலில் ஆற்றல் பற்றாக்குறையால் வரும் கீட்டோசிஸ் நோய் என்று கண்டறிந்து உடனே சிகிச்சை அளித்தார். கண்ணை மட்டும் நம்பியிருந்தால் சில நாள்கள் வீணாகியிருக்கும்.

குறைகளும் உண்டு. மின்சாரம் நின்றால் தரவு வாங்கும் கருவியும் நின்றுவிடுகிறது. செயலி முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதால், விடியற்காலையில் பால் கறக்கும் என் மனைவியால் எச்சரிக்கையைப் படிக்க முடியவில்லை. நிறுவனத்திடம் இருமுறை முறையிட்டும் பயனில்லை. கட்டுத்தறியிலேயே நிற்கும் மாடுகளைவிட, அவிழ்த்துவிடப்பட்ட மாடுகளிடம் பருவக் கணிப்பு தெளிவாக இருக்கிறது. இரண்டு மூன்று மாடுகள் மட்டும் வைத்திருப்போருக்கு இந்தச் செலவை நான் பரிந்துரைக்கமாட்டேன்.