கல்லடிக் கானிவல் பேய் வீடு: வெருட்டத் தெரிகிறது, சிரிக்க விடத் தெரியவில்லை

பெரியவருக்கு 300 ரூபாய், சிறுவருக்கு 200. தகரத்தாலும் கறுப்புப் படங்காலும் அடைத்த ஐந்து அறைகள். உள்ளே போய் வெளியே வர நாலு நிமிடம். மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரைப் பக்கம் போட்டிருக்கும் கானிவலில் ராட்டினத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவில் நிற்கிறது. பேய் வீட்டுக்குக் காசு கொடுப்பது வெறுமனே பயப்படவல்ல, பயந்து முடிந்ததும் வருகிற அந்தச் சிரிப்புக்குத்தான். ஆகவே உள்ளே எத்தனை பேர் கத்தினார்கள் என்று பார்ப்பதை விட, வெளிவாசலில் எத்தனை பேர் சிரித்துக்கொண்டு வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் சரியான அளவுகோல். இந்த வீடு கத்த வைப்பதில் கெட்டி. வாசலில்தான் கோட்டை விடுகிறது.

முதல் அறை நல்ல வேலை. பத்தடி நீளம் கும்மிருட்டு, ஒரு சத்தமும் இல்லை. இருட்டில் நிற்கும்போதே உடம்பு அரைவாசி ஆயத்தமாகிவிடும், பிறகு வரும் சத்தத்துக்குத் திடுக்கிடல் கூடுதலாகத் தெரியும். அடுத்த அறை வாசலில் காதோரம் தகரத்தில் ஒரே அடி. சத்தம் மெல்ல ஏறினால் ஆள் திரும்பிப் பார்ப்பதோடு சரி. ஒரு கணத்தில் உச்சத்துக்குப் போனால்தான் தூக்கிப்போடும். சத்தம் காதில் விழுந்து 30 முதல் 50 மில்லி செக்கனுக்குள் இமை மூடத் தொடங்கும், தோள் உயரும், கழுத்து உள்ளே போகும். அது என்ன சத்தம் என்று மூளை விளங்கிக்கொள்வது அதற்குப் பிறகுதான். தகரம் அடிக்கிற பொடியனுக்கு இந்தக் கணக்கு கைவந்திருக்கிறது.

மூன்றாம் அறையில் சவப்பெட்டி. மூடி திறந்து பொம்மை எழும்ப வேண்டும், எழும்பத்தான் செய்கிறது. ஆனால் மூடியின் பிணைச்சல் முதலில் 'கிரீச்' என்கிறது. பெரிய அதிர்ச்சிக்குச் சற்று முன்னால், செக்கனில் பத்தில் ஒரு பங்கு முந்தி, ஒரு சின்னச் சத்தம் கேட்டாலே திடுக்கிடல் பாதி அடங்கிவிடும். நரம்புகளின் இயல்பு அப்படி. இரண்டு சொட்டு எண்ணெயில் தீரும் விசயம். நாள் முழுக்க ஸ்பீக்கரில் ஓடுகிற பேய்ச் சிரிப்பையும் நிறுத்தலாம். கேட்டுக் கேட்டுக் காது பழகினால் அது கடற்கரை இரைச்சலோடு ஒன்றாகிவிடும்.

நாலாம் அறையைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். வெடிச் சத்தம் ஒன்றைப் பதிந்து வைத்துப் போடுகிறார்கள். பயம் ஏன் சிரிப்பாகிறது என்று விளங்கினால் இது ஏன் பிழை என்பதும் விளங்கும்.

தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1998இல் ஒரு விளக்கம் சொன்னார்: சிரிப்பு என்பது 'பொய் அபாயம், பயப்படத் தேவையில்லை' என்று கூட இருப்பவர்களுக்குக் கொடுக்கும் சமிக்ஞை. வாவிக்கு மேற்கே வயல்கள் உள்ள படுவான்கரையில் வேளாண்மைக் காவலுக்குப் பரணில் இருப்பவர்களுக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. இருட்டில் யானை என்று நினைத்தது எருமை என்று தெரிந்ததும் ஒருவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு கேட்டால் பக்கத்துப் பரணில் உள்ளவர் யானை வெடியைக் கொளுத்தாமல் வைத்துவிடுவார். வந்தது உண்மையிலேயே யானை என்றால் ஒருவரும் சிரிப்பதில்லை. அச்சம் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியம் நாலாகச் சொல்கிறது: அணங்கு (பேய், தெய்வம் போன்றவை), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). பேய் வீட்டுக்காரர் அணங்கோடு நிற்பது புத்தி. இந்தக் கரையில் மற்றவை விளையாட்டுச் சாமான்கள் அல்ல.

வெடிச் சத்தமும் அப்படித்தான். போர் முடிந்த 2009க்கு முன் இங்கே வளர்ந்த ஒருவரின் உடம்பு அதைப் 'பொய் அபாயம்' என்று தள்ளிவிடாது. தகர அடிக்குச் சிரித்த அதே ஆள் இந்த அறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தப் பதிவை எடுத்துவிட்டு நாய் உறுமலைப் போட்டால் போதும்.

ஐந்தாம் அறையில் முகமூடிக்காரர்கள் ஆட்களைத் தொடுகிறார்கள். பெண்களின் கையைப் பிடிக்கிறார்கள். கை பட்ட கணமே விளையாட்டு முடிந்துவிடும், பிறகு வருவது கோபம். ஒரு முழம் தள்ளி நின்று வெருட்டுவதுதான் தொழில். மின்னி மின்னி எரியும் லைட் ஒன்றும் இங்கே உண்டு, எச்சரிக்கைப் பலகை இல்லை. செக்கனுக்கு 3 முதல் 30 தடவை மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைக் கிளப்பும். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும்.

இனி அந்த வெளிவாசல். பயந்தவுடன் இரத்தத்தில் கலக்கும் அட்ரினலின் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அபாயம் இல்லை என்று மூளை தீர்ப்புச் சொன்ன பிறகும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். அந்த மிச்சப் படபடப்பு அடுத்து எது வருகிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை 1970களில் டோல்ஃப் சில்மன் என்ற ஆய்வாளர் பரிசோதனைகளில் காட்டினார். அடுத்துத் தெரிவது கூட்டாளியின் வெளிறிய முகம் என்றால் சிரிப்பு பீறிடும். இங்கே அடுத்து வருவது ஆடுகிற பலகைப்படி, ஜெனரேட்டர் புகை, "கெதியாப் போங்க" என்ற விரட்டல். கால் இடறுமோ என்ற புதுப் பயம் பழைய பயத்தின் இடத்தில் வந்து குந்திவிடுகிறது. போதாக்குறைக்கு ஒவ்வொருவராகத்தான் இறங்க முடியும். கூட்டத்தில் இருக்கும்போது மனிதர் தனியாக இருப்பதை விட 30 மடங்கு அதிகம் சிரிப்பதாக, சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரொவைன் என்ற உளவியலாளர் கணக்கெடுத்திருக்கிறார். ஆளை ஆள் பார்க்க முடியாத வாசலில் சிரிப்பு எங்கே பிறக்கும்? பத்தடி சமதரையும் ஒரு மஞ்சள் பல்பும் இருந்தால் மற்றக் குறைகளையெல்லாம் மன்னிக்கலாம்.

போகிறவர்கள் நாலைந்து பேராகப் போங்கள், நன்றாகக் கத்துகிறவரை முன்னால் விடுங்கள். பொம்மைக்கும் பேய்க்கும் வித்தியாசம் தெரியாத சின்னப்பிள்ளைகள் வேண்டாம். அவர்களுக்குப் 'பொய் அபாயம்' என்ற தீர்ப்பு வராது, அழுகை மட்டும் வரும், அன்றிரவே தண்ணி ஓதிக் குடுக்க வேண்டி வரும். கர்ப்பிணிகளும் இருதய வருத்தக்காரரும் வெளியே நிற்பது நல்லது. இறங்கியதும் கேற்றுக்கு நடக்காதீர்கள். இடப்பக்கம் கச்சான் வண்டி நிற்கிறது, லைட் நல்ல வெளிச்சம். அதற்குக் கீழே வட்டமாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள்.