நின்னா ஒழுகுதா, அடிச்சா ஒழுகுதா? பாபநாசத்தில் ஒரு தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப்

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் தஞ்சாவூரில் டயாலிசிஸ். எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். காலை முதல் ஷிப்டுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் நாலே முக்காலுக்கே வண்டியை எடுத்துவிட வேண்டும். பாபநாசம், அய்யம்பேட்டை, பசுபதிகோயில் என்று இருட்டிலேயே நான்தான் ஓட்டுகிறேன். முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கவில்லை என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

தொல்லை ஐப்பசியில் தொடங்கியது. அந்த மாதம் வயலிலிருந்து பச்சைப்பூச்சி எப்படி மொய்க்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹெட்லைட்டைத் தேடி வந்து கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். தண்ணீர் இல்லாமல் வைப்பரைப் போட்டால் எல்லாம் இழுபட்டு வெள்ளையாகப் படியும். எதிரே பஸ் வெளிச்சம் பட்டால் ரோடே மறைந்துவிடும். ராத்திரி கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் டேங்க் நிறைய ஊற்றி வைப்பேன், காலையில் அடித்தால் தண்ணீரைத் தள்ளும் சின்ன மோட்டாரின் சத்தம் மட்டும் வரும். கையில் இரண்டு பாட்டில் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் வைத்துக்கொண்டு, வழியில் நிறுத்தி நிறுத்தித் துடைத்தேன். ஒருநாள் அய்யம்பேட்டையில் இறங்கித் துடைத்துக்கொண்டிருந்தபோது, "ஓரமா நில்லும்மா, லாரி வருது" என்று அப்பா உள்ளேயிருந்து கத்தினார். இதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

மார்கழியில் டவுனில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். பானட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார்கள். டேங்க் விரிசல், மோட்டாரும் சேர்த்து மாற்ற வேண்டும், 3,200 ரூபாய் என்றார்கள். விரிசலைக் காட்டுங்கள் என்று கேட்டேன். பம்பரைக் கழற்றினால்தான் தெரியும் என்றார்கள். கழற்றாமலே விரிசல் என்று எப்படித் தெரிந்தது? வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

தை மாதம் பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கும் தம்பிதான் பாபநாசத்துக் கொட்டகையைச் சொன்னான். தஞ்சாவூர் சாலையிலேயே இருக்கிறது, போர்டு கிடையாது. மெக்கானிக் அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். பானட்டில் கை வைக்காமலே முதலில் கேட்டார்: "நின்னா ஒழுகுதாம்மா, அடிச்சா ஒழுகுதா?"

"நிறுத்தி வச்சாலே காலி ஆயிடுதுண்ணே."

"முழுசா வடியுதா, பாதியில நிக்குதா?"

யோசித்துப் பார்த்தால், ஒரு சொட்டு மிஞ்சியதில்லை. இந்த இரண்டு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது என்பது அப்புறம் அவர் விளக்கியபோதுதான் புரிந்தது. அடிக்கும்போது மட்டும் ஒழுகினால் பெரும்பாலும் டியூப்பிலோ ஜாயிண்டிலோ கோளாறு. சும்மா நிற்கும்போதே ஒழுகினால் டேங்க்கையோ மோட்டார் உட்காரும் இடத்தையோ பார்க்க வேண்டும். டேங்க் நடுவில் விரிசல் என்றால் தண்ணீர் அந்த மட்டம்வரை இறங்கி நின்றுவிடும். சுத்தமாக வடிகிறது என்றால் கோளாறு அடியில். மோட்டார் சொருகியிருப்பதும் அங்கேதான்.

அதோடு விடவில்லை, கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் கொஞ்சம் கலந்து டேங்க்கில் ஊற்றினார். வண்டிக்கு அடியில் தினசரிப் பேப்பரை விரித்துவிட்டு, டீ சாப்பிட்டுவிட்டு வாங்க என்றார். திரும்பி வந்தால் இடது முன் சக்கரத்துக்கு முன்னால் பேப்பரில் நீலப் பொட்டு. சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கவரை எடுத்ததும் எனக்கே தெரிந்தது. டேங்க் முழுசாக இருக்கிறது. மோட்டாரைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ் காய்ந்து வெடித்து, அதன் ஓரமாக நீலக்கோடு வழிந்திருந்தது. ஒன்பது வருட வெயிலும் இன்ஜின் சூடும் அந்த ரப்பரைக் கல்லாக்கிவிட்டன. புது புஷ் 40 ரூபாய்.

நான் கிளம்பத் தயாராகிவிட்டேன். அவர்தான் அடித்துப் பாருங்கள் என்றார். வலப்பக்கம் நன்றாக வந்தது, இடப்பக்கம் வெறும் துளி. பானட்டின் உள்பக்க மெத்தை ஈரமாகியிருந்தது. கீல் பக்கத்தில் டியூப்பில் பல் பட்ட அடையாளம். எலி! "வைக்கப்போர் பக்கத்துலயா நிறுத்துறீங்க?" என்று கேட்டார். ஆமாம். சம்பா அறுப்பு முடிந்ததும் வயல் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வந்துவிடுகிறது, சூடான இன்ஜின் அதற்கு நல்ல இடம். கடிபட்ட டியூப்பை மட்டும் மாற்றி, வெளியே தெரியும் இடத்துக்கு நெளிநெளியான பிளாஸ்டிக் உறை போட்டார். புது டியூப் ஜாயிண்டில் ஏறவில்லை. டீக்கடையில் வெந்நீர் வாங்கி வந்து நுனியை முக்கி எடுத்தார், இளகி ஏறிவிட்டது. இழுத்துப் பிடித்திருந்தால் ஜாயிண்டே உடைந்திருக்கும்.

புஷ், டியூப், ஜாயிண்ட், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 480 ரூபாய். கழற்றிய பழைய புஷ்ஷையும் கையில் கொடுத்தார். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டு பத்தரைக்குத்தான் திறந்தார். உட்கார ஒரு ஸ்டூல் மட்டும்தான், பெண்கள் போய்வரக் கழிப்பறை கிடையாது. பில் கேட்டால் நோட்டுத் தாளில் எழுதித் தருகிறார். கம்பெனி வாரண்டி இருக்கும் புது வண்டியை இங்கே திறக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுகிறார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புப் படிந்து, தண்ணீர் பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொள்ளும் என்றார். எங்கள் ஊர்த் தண்ணீர் சட்டியிலேயே வெள்ளையாகப் படியும், இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே! இப்போது கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். அடைத்தால் தையல் ஊசியால் மெதுவாகக் குத்தினால் போதும். துணி சோப்புத் தூள் கலக்கவே கூடாதாம், நுரை காய்ந்து கண்ணாடியில் படலமாக நிற்கும்.

ரிப்பேர் செய்து ஐந்து வாரம் ஆகிறது. வண்டியை வைக்கோல் போரிலிருந்து தள்ளி வாசலில் நிறுத்துகிறேன். அறுவடை மிஷினும் டிராக்டரும் ரோட்டில் இழுத்துப் போட்ட சேறு இன்னும் தெறிக்கத்தான் செய்கிறது. அடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் வருகிறது. பாட்டிலையும் வேட்டித் துணியையும் பின்சீட்டிலிருந்து எடுத்துவிட்டேன், அப்பா அங்கே காலை நீட்டிக்கொள்கிறார்.

போக நினைப்பவர்கள் ஞாயிறு காலை பத்தரைக்கு மேல் போங்கள், மதியம் ஒரு மணிக்கு மூடிவிடுவார். கும்பகோணத்திலிருந்து வரும்போது கடை இடது கைப் பக்கம், வாசலில் ஒரு பழைய டிராக்டர் டயர் கிடக்கும்.