99டாட்ஸ்: டிபி மாத்திரையும் மிஸ்டு காலும்

வீட்ல யாராச்சும் டிபி மாத்திரை சாப்பிடறாங்கன்னா இத படிச்சிடுங்க. எங்க சித்தப்பாவுக்கு கவர்மென்ட்ல மாத்திரை ஆரம்பிச்சப்போ அட்டைய ஒரு காகித உறைல ஒட்டி குடுத்தாங்க, அதான் 99டாட்ஸ். மாத்திரைய அமுக்கி எடுத்தா பின்னாடி காகிதம் கிழிஞ்சு உள்ள ஒளிஞ்சிருக்கற நம்பர் தெரியும், பதிஞ்சு குடுத்த போன்லேர்ந்து அதுக்கு கால் போட்டா போதும், காசு போகாது, அன்னைய தேதி ஆஸ்பத்திரிக்காரங்க கம்ப்யூட்டர்ல பச்சையாயிடும். ஆப், நெட் எதுவும் வேணாம், சித்தப்பாவோட பட்டன் போனே தாராளம். கிழிஞ்ச இடத்துல நம்பர் சரியா தெரியலன்னா சித்தி டியூப்லைட்டுக்கு நேரா புடிச்சு ஒவ்வொன்னா படிச்சு சொல்லுவாங்க.

சாதாரண டிபிக்கே ஆறு மாசம் தினமும் மாத்திரை. ஆனா கொஞ்ச நாள்லயே இருமல் நின்னு பசி எடுத்து ஆளு தேறிடறாரு, அப்பதான் ஆபத்து, சரியாயிடுச்சுன்னு பாதில விட்டா கிருமி மருந்துக்கு அடங்காம போயிடும். அதுக்காக நர்ஸ் முன்னாடி முழுங்க தினமும் ஆஸ்பத்திரிக்கு ஓடுனா கூலி வேலைக்கு போறவருக்கு சம்பளம் போச்சு. வீட்லயே இருந்து மருந்து சாப்பிட்டாலும் டிபி குணமாகும்னு ஒலகத்துக்கே காட்டுனது 1959ல வந்த நம்ம சென்னை ஆராய்ச்சி, அந்த வழில பாத்தா இது ரொம்ப நல்ல ஏற்பாடு.

ஆனா கால் வந்துச்சுன்னா மாத்திரை உள்ள போயிடுச்சுன்னு அர்த்தமில்ல, பிரிச்சு கால் பண்ணிட்டு தூக்கி போடறவங்களும் உண்டு, சாப்பிட்டுட்டு கால் பண்ண மறக்கறவங்களும் உண்டு. என்னைக் கேட்டா இதோட உயிரே கால் வராம சிவப்பு விழுந்த அன்னிக்கு போன் பண்ணி பேசற ஆளுதான். சித்தப்பாவுக்கு ஒரு ஹெல்த் விசிட்டர் அக்கா, "ஏண்ணே இன்னிக்கு போடல, வாந்தி வருதா"ன்னு கேப்பாங்க, ஒன்னுக்கு ஆரஞ்சா போகுதுன்னு அவரு பயந்தப்போ அது ரிஃபாம்பிசின் மாத்திரையால, ஒன்னும் பயமில்லன்னு சொல்லி தேத்துனதும் அவங்கதான். அந்த அக்கா இல்லாட்டி அவரு விட்டிருப்பாரு. நடுவுல ஒரு தடவ உறை ஸ்டாக் இல்லன்னு வெறும் அட்டைய நீட்டுனாங்க, எனக்கு அவ்ளோ கோவம், ஆறு மாசம் வேணுங்கறத பாதி வழில நிறுத்தலாமா?

மாத்திரை வாங்கறப்போ உறை இருக்கான்னு கேட்டு வாங்குங்க. பதியறப்போ வீட்ல இருக்கற இன்னொருத்தர் நம்பரையும் சேர்க்க சொல்லுங்க, போன்ல சார்ஜ் இல்லாத அன்னிக்கு அது உதவும்.