டொல்பின் வானின் எக்ஸோஸ்ட் கஸ்கெட்: இருமுறை மாற்றிய அனுபவம்

எங்களிடம் இருப்பது '3எல்' ரக டீசல் எஞ்சின் பூட்டிய பழைய ரொயோட்டா ஹைஏஸ், ஊர்வழக்கில் டொல்பின் வான். பின் இருக்கைகளைக் கழற்றிப் பலகைக் கட்டில் அடித்திருப்பதால், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் ஆகஸ்ட் 15 மடு மாதா தேவாலயத் திருவிழாவுக்கும் போனால் இரவில் அதற்குள்ளேயே படுத்துக்கொள்வோம்.

காலையில் இயக்கியவுடன் 'டிக் டிக்' என்று கேட்டு, எஞ்சின் சூடேறச் சூடேற மறைந்துவிடும் சத்தத்தை, வால்வுகளை இயக்கும் டெப்பெட்டின் சத்தம் என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். இந்த வானில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால், கசியும் புகை நேரே உள்ளே ஏறும். புகையாவது மணக்கும், அதோடு வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நீண்ட பயணங்களில் மனைவிக்குத் தலையிடி வரத் தொடங்கிய பிறகுதான் இருக்கையைத் தூக்கிப் பார்த்தேன். கடைசிச் சிலிண்டருக்கு நேரே, எஞ்சினின் புகையைச் சேர்த்துப் பைப்புக்கு அனுப்பும் மனிபோல்ட்டின் ஓரத்தில் கரிக்கோடு படிந்திருந்தது. எஞ்சினுக்கும் மனிபோல்ட்டுக்கும் இடையில் புகை கசியாமல் அடைக்கும் கஸ்கெட் போய்விட்டது.

முதல்முறை கஸ்கெட்டை அரை நாளில் மாற்றி முடித்தேன். ஐந்தே மாதத்தில் சத்தம் திரும்பியது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிப் பழகிய எங்கள் ஊர் மெக்கானிக் ஐயா, "தம்பி, கஸ்கெட்டை விடும், கீழ பைப் எதில தொங்குது எண்டு பாரும்" என்றார். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்து, ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் வீதிகளின் ஒவ்வொரு குலுக்கலிலும் பைப்பின் பாரம் முழுவதும் மனிபோல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம்முறை அவசரப்படவில்லை. முதல்நாள் இரவே நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டும், நட்டு பூட்டும் மரையாணியான ஸ்டட் ஒன்று முறிந்தது. முறிந்த தலையில் ஒரு நட்டை வெல்டிங் பிடித்துத் திருப்பி எடுக்க ஒரு நாள் போயிற்று. மனிபோல்ட் முகத்தில் இரும்பு அடிமட்டத்தை நிறுத்தி வைத்தபோது நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அந்த வளைவோடு எந்தக் கஸ்கெட்டும் நிற்காது என்பதால், கிளிநொச்சியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீவி எடுத்தேன். பழைய கஸ்கெட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும் என்பதால் ஒட்டியிருந்ததைத் தூசி பறக்காதபடி நனைத்தே சுரண்டினேன். சிலிக்கோன் பசை பூசச் சொன்னவர்களும் உண்டு. அந்தச் சூட்டில் அது கருகிவிடும். நட்டுகளை நடுவிலிருந்து இருபுறமும், மூன்று சுற்றாக, இறுக்கத்தின் அளவு காட்டும் டோர்க் ஸ்பானரால் இறுக்கினேன். ஒருமுறை ஓடி ஆறிய பின் மறுநாள் மீண்டும் பார்த்தபோது இரண்டு நட்டுகள் சற்று இளகியிருந்தன. சைலன்சர் ரப்பர்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன்.

இப்போது இரண்டு ஆண்டும் மூன்று மாதமும் ஆகின்றன. பின்பக்கத்துக் கடைசி நட்டுக்குக் கை சரியாக எட்டாமல், தடவித் தடவிக் கால் சுற்றாகத் திருப்ப வேண்டியிருப்பதுதான் இந்த வேலையில் இன்னும் எரிச்சல் தருவது. கட்டிலுக்கு மேலே காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்றும் மாட்டியிருக்கிறேன். ஆனாலும் ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுப் படுப்பதில்லை. இந்த வைகாசியில் புறப்படுமுன், ஆறிய எஞ்சினை இயக்கி, மகன் ஈரச்சாக்கால் பைப் வாயை ஒரு கணம் அழுத்திப் பிடிக்க, நான் இருக்கைத் திறப்பில் காதை வைத்துக் கேட்டேன். 'டிக்' சத்தம் இல்லை, புகை கசிய வழியில்லாமல் எஞ்சின்தான் திணறியது.