பழைய தையல் மெஷினில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி: எல்லாம் சரி, நூல் அறுந்தால்?

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் விற்கும் விலைக்குக் கட்டுப்படியாகாது, உன்னை மாதிரி நானும் பழைய தையல் மெஷினையே எம்பிராய்டரி போடும்படி மாற்றிக்கொள்ளட்டுமா என்று தோழி கேட்டாள். ஃபோனில் சொல்லி முடியவில்லை, எழுதுகிறேன்.

அமைப்பு இதுதான். கறுப்பு நேர்த்தையல் மெஷின், அதற்கொரு மோட்டார். துணி நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டால், துணியை இறுக்கிப் பிடிக்கும் ஃபிரேமை நான்கு பக்கமும் நகர்த்த, சொன்ன அளவு மட்டும் திரும்பும் இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்களும், அவற்றை இயக்க ஆர்டுயினோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டும் போதும். டிசைன் போட இங்க்ஸ்டிச் என்ற மென்பொருள், இலவசம். ஊசி பக்கவாட்டில் அசையும் ஜிக்ஜாக் மெஷின் கூடத் தேவையில்லை. ஊசி ஒரே இடத்தில்தான் குத்துகிறது. ஃபிரேம் இப்படியும் அப்படியும் போய் வருவதிலேயே, நூல் நெருக்கமாக நிரம்பும் சாட்டின் தையல் விழுந்துவிடுகிறது. நேர்த்தையல் மெஷினில் ஜாக்கெட் கைக்கு மாங்காய் டிசைன் வருவதைப் பார்க்க இன்றும் எனக்கு அலுக்கவில்லை.

இதில் நுட்பமான வேலை நேரக்கணக்குதான். நிமிடத்துக்கு 300 தையல் என்றால் ஒரு தையலுக்கு 200 மில்லிசெகண்ட். அதில் ஊசி துணிக்கு வெளியே இருப்பது ஏறத்தாழ பாதி நேரம். அதற்குள் ஃபிரேம் நகர்ந்து நின்றுவிட வேண்டும், தவறினால் ஊசி உடையும். கைச்சக்கரத்தில் ஒட்டிய சின்னக் காந்தமும் எதிரே உள்ள சென்சாரும் இதைப் பிசகாமல் பார்த்துக்கொள்கின்றன.

ஆனால் அந்த சென்சாருக்குத் தெரிந்தது ஊசி மட்டும். நூலைப் பற்றி ஒன்றும் தெரியாது. மேல்நூல் அறுந்தாலும் அடிநூல் சுற்றிய பாபின் தீர்ந்தாலும் மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், துணியில் ஓட்டை மட்டும் விழும். பட்டில் ஊசித் தடம் மறைவதில்லை. திரும்ப ஆரம்பிக்க, விட்ட தையலைக் கோப்பில் தேடிப் பிடித்து ஃபிரேமை அங்கே கொண்டுபோக வேண்டும். அதற்குள் கரண்ட் போனால் மோட்டார்கள் இருந்த இடத்தை மறந்துவிடும், அது தனி வயிற்றெரிச்சல். கம்பெனி மெஷின்கள் நூல் அசைகிறதா என்று பார்த்துத் தாமே நின்றுவிடும். தானியங்கி என்று பேர் வைத்துவிட்டு, அது ஓடுகிற நேரமெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து நூலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. சோறு வடிக்கக்கூட எழுந்து போக முடியாது.

நூல் ஓடும் வழியில் சின்னச் சக்கரமும் ஒளி சென்சாரும் வைத்தால் மேல்நூல் அறுந்ததைக் கண்டுபிடிக்கலாம். பாபினுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. அடிநூல் தீர்ந்தால் மேல்நூல் இழுபடும் அளவு குறையும், அதைக் கணக்கிட்டு நிறுத்த வேண்டும். இனி நான் செய்யப்போவது அதைத்தான்.

என் மெஷினை என்ன விலை கொடுத்தாலும் தரமாட்டேன். ஆனால் அவளுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவள் கல்யாண ஜாக்கெட் ஆர்டர் எடுப்பவள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி பாபின் தீர்ந்து, அடுத்தவர் பட்டு பாழானால் யாருக்குப் பதில் சொல்வாள்? கொஞ்சம் பணம் சேர்த்துக் கடை மெஷினே வாங்கட்டும்.