ஃப்ளைட் தூரம் காட்டுற சைட்டுங்க: கிலோமீட்டர் ஓகே, மணிக்கணக்கு தேறாது

ரெண்டு ஊர் பேரை அடிச்சா ஃப்ளைட் தூரமும் பயண நேரமும் காட்டுற சைட்டுங்க ஏகப்பட்டது இருக்கு, அடிக்கடி நோண்டுற ஆளா சொல்றேன், தூரத்தை கண்ணை மூடிட்டு நம்பலாம், நேரத்தை மட்டும் நம்பி யாரையும் ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்லிடாதீங்க.

தூரம் வெறும் கணக்கு. உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல எது குறுக்கு வழியோ அதான், கிரேட் சர்க்கிள்னு சொல்றது. மேப்ல பாத்தா வளைஞ்சு தெரியும். லண்டன்–லாஸ் ஏஞ்சலஸ் கோடு கிரீன்லாந்து பக்கமா ஏறிப் போறதைப் பாத்து சைட்டுக்கு கிறுக்கு புடிச்சிருச்சான்னு கேக்காதீங்க, நிஜ ஃப்ளைட்டும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகுது. ஊர் நடுவுல இருந்து அளக்குறதா ஏர்போர்ட்ல இருந்தான்னு சைட்டுக்கு சைட்டு கொஞ்சம் மாறும், அதை விடுங்க.

நேரம்தான் கூத்து. நிறைய சைட்டுல தூரத்தை மணிக்கு 800, 900 கிலோமீட்டர்னு ஒரே வேகத்தால வகுத்து, மேல அரை மணி நேரம் சேத்து கொடுத்துடுறாங்க, காத்துங்கிற பேச்சே இல்ல. நியூயார்க்–லண்டன் சுமார் 5,550 கிலோமீட்டர், ஜெட் ஸ்ட்ரீம்னு ரொம்ப உயரத்துல வேகமா அடிக்குற காத்து மேற்கிலேர்ந்து கிழக்க தள்ளுறதால போறப்ப 7 மணி நேரம்னா திரும்புறப்ப 8 ஆகும், 2020 பிப்ரவரியில புயல் காத்து தள்ளி ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 அஞ்சு மணி நேரத்துக்குள்ளயே லண்டன்ல இறங்கிடுச்சு. இந்த சைட்டுங்களுக்கு போனாலும் ஒன்னு வந்தாலும் ஒன்னு.

இதைவிட மோசம் ஹெல்சின்கி (பின்லாந்து)–டோக்கியோ. சுமார் 7,800 கிலோமீட்டர், கணக்குப்படி ஒன்பதரை மணி நேரம், ஒரு காலத்துல அது சரியாவும் இருந்துச்சு. 2022ல ரஷ்யா வான்வழி மூடினதுக்கு அப்புறம் வடதுருவம் பக்கமாவோ தெற்காலயோ சுத்திதான் போகணும், கிட்டத்தட்ட 13 மணி நேரம். சைட்டு இன்னும் ஒன்பதரைலயே நிக்குது!

அப்புறம் மாட்ரிட் (ஸ்பெயின்)–ஆக்லாந்து (நியூசிலாந்து), 19,600 கிலோமீட்டர் கிட்ட, 23 மணி நேரம்னு கூசாம போடுது. நடுவுல நிக்காம பறக்குற ஃப்ளைட்டுல ரொம்ப நீளமானதே சிங்கப்பூர்–நியூயார்க், சுமார் 15,300 கிலோமீட்டர், அதுக்கே 18 மணி நேரத்துக்கு மேல ஆகுது. இதுல 19,600ஐ எந்த ஃப்ளைட்டு ஒரே மூச்சுல பறக்குதாம்? நடுவுல இறங்கி மாறி காத்துக் கெடக்குறதெல்லாம் யாரு கணக்கு?

தூரத்துக்கு நான் பாக்குறது கிரேட் சர்க்கிள் மேப்பர்ங்கிற சைட்டு. ஆளு பழைய ஸ்டைல்தான், ஆனா ரெண்டு ஏர்போர்ட்டோட மூணெழுத்து கோடையும் (code) நடுவுல ஒரு ஹைஃபன் (-) போட்டு அடிச்சா மேப்போட வந்துடும், மைல்ல காட்டுனா கிலோமீட்டருக்கு மாத்திக்கலாம். நேரத்துக்கு ஏர்லைன் டைம்டேபிள்ல மொத்த நேரம்னு போட்டிருப்பாங்களே அதைப் பாருங்க, ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறதும் அதுலயே அடக்கம். எறங்குற டைம்லேர்ந்து ஏறுற டைமை கழிச்சுப் பாக்காதீங்க, ரெண்டும் அந்தந்த ஊர் டைம், டோக்கியோவுல சாயங்காலம் ஏறினா லாஸ் ஏஞ்சலஸ்ல அதே நாள் காலையில எறங்குவீங்க.