பின்பக்க பம்பருக்கு சி சேனலா, சதுரக் குழாயா?

மதுரை கே. புதூர் தொழிற்பேட்டையிலோ கப்பலூரிலோ ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போய், ஜீப்புக்குப் பின்பக்க பம்பரும் டிரெய்லர் கொக்கியும் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: சி சேனலை (ஒரு பக்கம் திறந்த, ‘C’ வடிவ இரும்புச் சட்டம்) வண்டியின் அகலத்துக்கு வெட்டி, நடுவில் தகடு வைத்துக் கொக்கியைப் பற்றவைத்துவிடலாம். டிராக்டர் டிரெய்லர் செய்து பழகிய கைகளுக்கு அது இயல்பான வழி. செலவும் குறைவு. அதற்குப் போட்டியாக நிற்பது சதுரக் குழாய்: சேஸிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், இரு சட்டங்களுக்கும் குறுக்கே ஒரு குழாய், நடுவில் கொக்கியின் தண்டைச் செருக இரண்டு அங்குல ரிசீவர் என்னும் சதுரக் கூடு. பம்பர் என்பது அதன்மேல் போர்த்திய தகடு மட்டுமே, இழுவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் கட்சி குழாய்தான். காரணம் முறுக்கு. கொக்கியில் டிரெய்லர் மாட்டும் இரும்புப் பந்து குறுக்குச் சட்டத்துக்குக் கீழேயும் பின்னாலும் தள்ளி இருக்கிறது. கிளம்பும்போது டிரெய்லர் பின்னால் இழுக்கும், பிரேக் பிடித்தால் முன்னால் தள்ளும். ஒவ்வொரு முறையும் சட்டம் திருகப்படுகிறது. 75 மி.மீ. சேனலையும், 5 மி.மீ. கனமுள்ள 75 மி.மீ. சதுரக் குழாயையும் கணக்குப் போட்டுப் பார்த்தால், மேலும் கீழும் வளைவதைத் தாங்குவதில் குழாய் ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் உசத்தி. முறுக்கை எதிர்ப்பதிலோ நூறு மடங்குக்கும் மேல். காகிதக் குழாயை நீளவாக்கில் கீறிவிட்டுத் திருகிப் பார்த்தால் இந்த வித்தியாசம் கைக்கே தெரியும். எடையில் சேனல் மீட்டருக்குச் சுமார் 7 கிலோ, குழாய் 11 கிலோ. பம்பர் அகலத்துக்கு ஆறேழு கிலோ கூடும், அவ்வளவுதான்.

குழாயின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளே ஈரம் புகுந்தால் துரு வெளியே தெரியாது. சேனலில் ஒட்டிய சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடலாம், குழாயில் அது நடக்காது. இரு முனையையும் மூடி, அடியில் வடிகால் துளை போட்டே ஆகவேண்டும். ரிசீவருக்கு வெட்டும் துண்டிலும் ஒரு தொல்லை உண்டு. குழாயின் உட்புறம் நீளமாக ஓடும் வெல்டிங் வரம்பை அரத்தால் தேய்த்து எடுக்காவிட்டால் கொக்கியின் தண்டு பாதியிலேயே இறுகிக்கொள்ளும். அவசரக்காரப் பட்டறைகள் இந்தப் பாதி மணி நேர வேலையைத்தான் முதலில் விடும்.

சேஸிஸில் பொருத்துவதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது: போல்ட்தான். சேஸிஸில் நேராகப் பற்றவைத்தால் சூடுபட்ட ஓரத்தில் விரிசல் தொடங்க வழி பிறக்கும். பெட்டி வடிவச் சேஸிஸாக இருந்தால் போல்ட்டை இறுக்க இறுக்கச் சுவர் உள்ளே ஒடுங்கும் என்பதால், போல்ட்டைச் சுற்றி உள்ளே ஒரு குழாய்த் துண்டு வைக்கவேண்டும். வலிமையில் 8.8 தரத்துக்குக் (போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும் எண்) குறைந்த போல்ட் வேண்டாம்.

போல்ட்டுக்கு இன்னொரு அனுகூலம், சட்டச் சிக்கல் வந்தால் கழற்றலாம். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றுவது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குள் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். முன்பக்க இரும்புக் காப்புகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. சாலையில் இழுக்கும் டிரெய்லருக்குத் தனிப் பதிவும் தேவை.

கொக்கியில் மூன்று வகை. நம் ஊர் ஆணி இணைப்பு எங்கும் கிடைக்கும், ஆனால் துளையில் இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு பள்ளத்திலும் இடிக்கும். 50 மி.மீ. பந்து சத்தமில்லாமல் கச்சிதமாக ஓடும், நத்தம் சாலைக்கு அதுதான். அங்கிருந்து மாந்தோப்புக்குள் இறங்கி வரப்பேறும்போது டிரெய்லர் ஒருபக்கம் சாய்ந்தால் பந்தைக் கவ்வும் டிரெய்லரின் மூடி முட்டி நிற்கும். வளையம் மாட்டும் பின்டில் கொக்கி எந்தப் பக்கமும் தாராளமாகத் திரும்பும், சாலையில் மட்டும் கடகடக்கும். ரிசீவர் இருந்தால் பந்தையும் பின்டிலையும் ஓர் ஆணியை உருவி மாற்றிக்கொள்ளலாம். வைகை மணலில் புதைந்த வண்டியை மீட்கப் பந்தில் கயிறு மாட்டவே கூடாது. பந்து முறிந்தால் குண்டுபோல் பறக்கும், ஆள் உயிரே போகலாம்.

500 லிட்டர் தண்ணீர்த் தொட்டியோடு டிரெய்லர் 700 கிலோ என்றால், கொக்கியின்மேல் 70 கிலோ அளவுக்கு அழுத்தவேண்டும். பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் டிரெய்லரின் மூக்கு லேசாகி, வேகத்தில் டிரெய்லர் ஆடத் தொடங்கும்.

தோட்டத்தை விட்டு வெளியே வராத பழைய ஜீப்புக்கு இவ்வளவும் அதிகப்படி. சேனலே போதும். சேஸிஸ் சட்டங்களுக்கு இடைப்பட்ட நீளம் முழுக்க, அதன் திறந்த பக்கத்தில் 5 மி.மீ. தகடு வைத்துப் பற்றவைத்துப் பெட்டியாக்கச் சொல்லுங்கள்.